விஷ்ணு சஹஸ்ரநாமம்: சொல்லத் தொடங்குகிறவர்களுக்கு

எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் காலையில் விஷ்ணு சஹஸ்ரநாமம் ஒலிக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ‘விச்வம் விஷ்ணுர் வஷட்காரோ’ என்ற தொடக்கம் தானாக வந்துவிடும். அடுத்த வரியையும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். அதற்குமேல் ராகம் நிற்கும், சொற்கள் நழுவும். சரி, புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று எடுத்தால் நூற்றுச் சொச்சம் சுலோகங்கள், நெருக்கமான கூட்டெழுத்துகள், எழுத்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டி எண்கள். ‘நமக்கு இது வராது’ என்று மூடி வைத்துவிடுகிறார்கள்.

வரும். சமஸ்கிருதம் படித்திருக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் அச்சான ஒரு நல்ல புத்தகம், தெளிவாகச் சொல்லும் ஒரு குரல், தினம் கால் மணி நேரம் இருந்தால் போதும். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றைத்தான்: முதலில் மனப்பாடம், பொருள் அப்புறம் என்று பிரித்து வைக்காதீர்கள். ஒரு நாமத்தை வாயில் ஏற்றும் அன்றைக்கே அதன் பொருளையும் மனதில் ஏற்றுங்கள். ஆயிரம் பெயர்களைச் சொல்லிய பீஷ்மரே அவை எப்படிப்பட்ட பெயர்கள் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்.

யார், எங்கே, எதற்காகச் சொன்னது

மகாபாரதத்தின் அனுசாஸன பர்வத்தில், வழக்கிலுள்ள பதிப்புகளில் 149ஆம் அத்தியாயமாக இது வருகிறது. போர் முடிந்துவிட்டது. குருக்ஷேத்திரத்தில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மர், உயிரை விட உத்தராயணத்துக்காகக் காத்திருக்கிறார். நாடு கைக்கு வந்தும் மனம் ஆறாத யுதிஷ்டிரர் அவரிடம் ஆறு கேள்விகள் கேட்கிறார். உலகில் ஒரே தெய்வம் எது? போய்ச் சேர வேண்டிய ஒரே இடம் எது? யாரைத் துதித்தால் மனிதருக்கு நன்மை? யாரை அர்ச்சித்தால் நன்மை? எல்லா தர்மங்களிலும் உயர்ந்ததாக நீங்கள் கருதுவது எது? எதை ஜபித்தால் உயிர் பிறவிக் கட்டிலிருந்து விடுபடும்?

இந்த ஆறுக்கும் சேர்த்து பீஷ்மர் தந்த விடைதான் சஹஸ்ரநாமம். யாருடைய பெயர்களை அவர் அடுக்கினாரோ அந்தக் கண்ணன் அப்போது அங்கேதான் இருக்கிறான். சொல்லும்போது இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. உடலெங்கும் அம்பு தைத்துக் கிடக்கும் ஒரு முதியவர், எதிரே இருப்பவனைப் பார்த்துப் பார்த்துச் சொன்ன பெயர்கள் இவை.

நாமங்கள் தொடங்குவதற்கு முன் வரும் வரி: ‘யானி நாமானி கௌணானி விக்யாதானி மஹாத்மந:’. கௌணம் என்றால் குணத்திலிருந்து பிறந்தது. அவன் குணங்களாலும் செயல்களாலும் அமைந்த பெயர்கள், ரிஷிகள் பாடிப் பாடிப் புகழ்பெற்றவை, அவற்றைச் சொல்கிறேன் என்கிறார் பீஷ்மர். வெறும் அடையாளத்துக்கு இட்ட பெயர் ஒன்றுகூட இதில் இல்லை. ஒவ்வொன்றும் அவனைப் பற்றி ஒரு செய்தி. அதனால்தான் பொருளை ஒத்திப்போட வேண்டாம் என்று சொல்கிறேன்.

முதல் வாரம்: பன்னிரண்டு நாமங்கள்

நேராக முதல் சுலோகத்தில் இறங்காதீர்கள். ஏற்கெனவே உங்கள் காதுக்குப் பழகிய பன்னிரண்டு பெயர்களிலிருந்து தொடங்குங்கள்: கேசவன், நாராயணன், மாதவன், கோவிந்தன், விஷ்ணு, மதுசூதனன், திரிவிக்ரமன், வாமனன், ஸ்ரீதரன், ஹ்ருஷீகேசன், பத்மநாபன், தாமோதரன். இந்தப் பன்னிரண்டும் ஆயிரத்துக்குள்ளேயே இருக்கின்றன. வைணவர்கள் உடலில் பன்னிரண்டு இடங்களில் திருமண் இட்டுக்கொள்ளும்போது சொல்வது இவற்றைத்தான். சந்தியாவந்தனத்தில் அங்கங்களைத் தொட்டுச் சொல்வதும் இவற்றைத்தான். நம்மாழ்வார் திருவாய்மொழியின் இரண்டாம் பத்தில் ‘கேசவன் தமர்’ என்று தொடங்கும் ஏழாம் திருவாய்மொழியை இந்தப் பன்னிரண்டு பெயர்களுக்காகவே, பாசுரத்துக்கு ஒரு நாமமாகப் பாடியிருக்கிறார். அதனால்தான் வழக்கமான பதினொரு பாசுரங்களுக்குப் பதில் அங்கே பதின்மூன்று இருக்கும்.

பொருளைக் கவனியுங்கள். கேசவன் என்பதற்கு உரைகாரர்கள் அழகிய கூந்தல் உடையவன் என்றும், கேசி என்ற அசுரனைக் கொன்றவன் என்றும் சொல்கிறார்கள். நாராயணன் என்பதில் நாரம் என்பது உயிர்களின் தொகுதி, அயனம் என்பது இருப்பிடம். எல்லா உயிர்களும் தங்கும் இடம் அவன் என்று கொள்ளலாம். எல்லா உயிர்களுக்குள்ளும் தங்கியிருப்பவன் என்றும் கொள்ளலாம். இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன. ஒன்று அவன் எவ்வளவு பெரியவன் என்பதைச் சொல்கிறது, மற்றது அவன் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்பதைச் சொல்கிறது. மாதவன், திருமகள் கேள்வன். கோவிந்தன் என்பதில் ‘கோ’ என்பது பசுவுக்கும் பூமிக்கும் சொல்லுக்கும் பெயர். கோவர்த்தன மலையைப் பிடித்துப் பசுக்களைக் காத்தவனும் அவன்தான், வராகமாகி மண்ணை மீட்டெடுத்தவனும் அவன்தான்.

விஷ்ணு, எங்கும் நிறைந்தவன். மதுசூதனன், மது என்ற அசுரனை அழித்தவன். வாமனன் குறள் உருவினன். திரிவிக்ரமன் அதே குறளன் மூவடியால் உலகளந்து நின்ற கோலம். ஸ்ரீதரன் திருவை மார்பில் தாங்குகிறவன். ஹ்ருஷீகம் என்றால் புலன். ஹ்ருஷீகேசன் புலன்களின் தலைவன். பத்மநாபன், உந்தியில் தாமரை உடையவன்.

கடைசிப் பெயரில் கொஞ்சம் நின்று போக வேண்டும். தாமம் கயிறு, உதரம் வயிறு. யசோதை கயிற்றால் கட்டிய தழும்பை வயிற்றில் வைத்திருப்பவன் தாமோதரன். உலகளந்தவனும் உந்தித் தாமரையானும் வரிசையாக வந்த பிறகு, பன்னிரண்டாவதாக நிற்பது ஒரு ஆயர்குலப் பெண் உரலோடு கட்டிப்போட்ட குழந்தை. ‘தாயைக் குடல் விளக்கம் செய்த தாமோதரன்’ என்று ஆண்டாள் திருப்பாவையில் பாடியதும் இந்தப் பெயரைத்தான். மார்கழியில் நீங்கள் சொன்ன பாட்டும் இப்போது கற்கப்போகும் ஸ்தோத்திரமும் சந்திக்கும் இடம் இது.

ஒரு வாரம் இதை மட்டும் சொல்லுங்கள். ஒரு பெயர், ஒரு மூச்சு, மனதில் அதன் பொருள். அவ்வளவுதான்.

புத்தகமும் எழுத்தும்

கடைகளில் கிடைக்கும் தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு வகை. ஒன்று, வெறும் தமிழ் எழுத்தில் அச்சிட்டது. மற்றது, க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகளுக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று சிறு எண் போட்டது. எண் போட்டதையே வாங்குங்கள். பார்க்கப் பயமாக இருக்கும், இரண்டு நாளில் பழகிவிடும். எண் இல்லாத ‘ப’ உதட்டைச் சேர்த்து எடுக்கும் வல்லோசை. 2 போட்டால் அதோடு காற்று சேரும். 3 போட்டால் ‘அன்பு’ என்பதில் வரும் மெலிந்த ஓசை. 4 போட்டால் அந்த மெலிந்த ஓசையோடு நெஞ்சிலிருந்து காற்றுச் சேரும். மற்ற வரிசைகளுக்கும் இதே கணக்கு. முதல் சுலோகத்திலேயே ‘பூதபவ்யபவத்ப்ரபு:’ வருகிறது. பூத, பவ்ய, பவத் மூன்றிலும் முதலில் நிற்பது நான்காம் ஓசை. கடைசியில் ‘ப்ரபு’ என்பதில் முதல் ப் ஒன்றாம் ஓசை, அடுத்த பு நான்காம் ஓசை. இந்த ஒரு நாமத்தைச் சரியாகச் சொல்லிப் பழகினாலே எண்களின் விஷயம் பாதி பிடிபட்டுவிடும்.

அடுத்தது ஸ, ஶ, ஷ வேறுபாடு. இருபத்தைந்தாவது நாமம் ‘ஸர்வ:’, இருபத்தாறாவது ‘ஶர்வ:’. எழுத்தில் ஒன்றைப்போல் ஒன்று; பொருள் முற்றிலும் வேறு. முன்னது, எல்லாமாக இருப்பவன். பின்னது, ஊழிக்காலத்தில் எல்லாவற்றையும் ஒடுக்குகிறவன். ஸ சொல்ல நாக்கு நுனி பல்லுக்கு அருகில் வரும். ஶ சொல்ல நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும். ஷ சொல்ல நாக்கு நுனி மேல்நோக்கி மடங்கும். பல புத்தகங்கள் ஶ இருக்க வேண்டிய இடத்தில் ‘ச’ என்றே அச்சிடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு ‘பச்சை’ என்பதில் வரும் சகரமாகச் சொல்லிவிடக் கூடாது.

பூதக்ருத், பூதப்ருத் என்று அடுத்தடுத்து வரும் இரண்டும் அப்படித்தான். முதலாமவன் உயிர்களைப் படைப்பவன், இரண்டாமவன் தாங்குபவன். ஒரு எழுத்து மாறினால் ஒரே நாமத்தை இருமுறை சொன்னதாகிவிடும்.

இரண்டு புள்ளிகளும் ஒரு வளைகோடும்

சொல்லின் முடிவில் வரும் இரண்டு புள்ளி விசர்க்கம். வரி முடியும் இடத்தில் முன்னால் உள்ள உயிரை ஒட்டி ஹகரம் வரும்: ‘ப்ரபு:’ என்பது ப்ரபுஹு, ‘ஹரி:’ என்பது ஹரிஹி, ‘பாவன:’ என்பது பாவனஹ. அழுத்தாமல் லேசாக விட வேண்டும். வரிக்கு நடுவில் வந்து, அடுத்த சொல் ஸ, ஶ என்று தொடங்கினால் விசர்க்கம் அந்த ஓசையாகவே மாறிச் சேரும். ‘ஸர்வ: ஶர்வ: ஶிவ: ஸ்தாணு:’ என்பதைக் கோஷ்டியில் சொல்லும்போது ‘ஸர்வஶ் ஶர்வஶ் ஶிவஸ் ஸ்தாணுர்’ என்று கேட்பது இதனால்தான்.

‘ऽ’ என்ற வளைகோடு வந்தால் அங்கே ஒரு அகரம் மறைந்திருக்கிறது என்று பொருள். ராம நாமம் வரும் சுலோகத்தில் ‘நேயோ நயோऽனய:’ என்று இருக்கும். அங்கே கடைசி நாமம் ‘அனய:’, தன்னை நடத்த வேறொருவர் இல்லாதவன். வளைகோட்டைக் கவனிக்காவிட்டால் பெயரை எங்கே பிரிப்பது என்று தெரியாது. தொடக்க அகரத்தை விழுங்காமல் இருப்பதும் முக்கியம். ‘அம்ருத்யு:’ என்றால் சாவில்லாதவன். அவசரத்தில் அந்த ‘அ’ விழுந்துவிட்டால் மிஞ்சுவது ‘ம்ருத்யு’, அதாவது சாவு.

தவறாகச் சொன்னால் பாவமா என்று கேட்பவர்கள் நிறைய. பாராயணத்தின் முடிவில் சொல்லும் சுலோகம் ஒன்று இருக்கிறது: ‘யதக்ஷரபதப்ரஷ்டம் மாத்ராஹீனம் து யத்பவேத், தத்ஸர்வம் க்ஷம்யதாம் தேவ நாராயண நமோऽஸ்து தே’. எழுத்தோ சொல்லோ விட்டுப்போயிருந்தால், மாத்திரை குறைந்திருந்தால், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று அவனிடமே கேட்பது. கற்றுத் தேர்ந்தவர்களும் இதைச் சொல்லித்தான் முடிக்கிறார்கள். திருத்திக்கொள்ளும் எண்ணம் இருக்கட்டும், பயம் வேண்டாம்.

எப்படிப் பிரித்துக் கற்பது

சுலோகங்கள் அனுஷ்டுப் சந்தத்தில் இருக்கின்றன: பாதத்துக்கு எட்டெழுத்து, நான்கு பாதம், மொத்தம் முப்பத்திரண்டு. புத்தகத்தில் இரண்டு வரிகளாக இருக்கும். தொடக்கத்தில் எட்டெழுத்துக்கு ஒரு மூச்சு விடுங்கள், பழகியதும் வரிக்கு ஒரு மூச்சு. ஒரு நாமத்தின் நடுவில் மட்டும் மூச்சை உடைக்காதீர்கள்.

நாமங்கள் வரும் பகுதியை 108 சுலோகங்களாக எண்ணுவது பரவலான வழக்கம். 27 நட்சத்திரங்களுக்கு நாலு பாதம் வீதம் 108 என்று இணைத்து, அவரவர் நட்சத்திர பாதத்துக்குரிய சுலோகத்தைத் தினம் சொல்லும் பழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். அசுவினி முதல் பாதத்துக்கு முதல் சுலோகம் என்று வரிசையாகப் போகும். வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் சுலோகத்தையும் முதலில் கற்பது நல்ல வழி, குழந்தைகளுக்கும் ஒரு உரிமை உணர்வு வரும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எல்லாப் பெயரும் எல்லாருக்கும் உரியவை.

நாளுக்கு ஒரு சுலோகம், ஆறு நாள் கற்று ஏழாம் நாள் அந்த ஆறையும் சேர்த்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு வாரத்தில் நாமப் பகுதி முடியும். கற்கும் முறைக்குச் சந்தை என்று பெயர். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வது. நேரில் ஒருவர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காவிட்டால் கைபேசியில் ஒரு பதிவை வைத்துக்கொண்டு, பாதி சுலோகத்தில் நிறுத்தி, இருமுறை சொல்லி, மறுபடி ஓட்டுங்கள். ஒரே பதிவையே கடைசிவரை பின்பற்றுங்கள். பாடும் மெட்டும் சில இடங்களில் சொற்களும் பதிவுக்குப் பதிவு மாறும். இரண்டு மூன்றைக் கலந்தால் நாக்கு எதிலும் நிலைக்காது.

கூடவே ஓடும் குரல் இல்லாமல் சொல்லிப் பாருங்கள். ஒலிப்பதிவோடு சேர்ந்து சொல்லும்போது எல்லாம் வந்துவிட்ட மாதிரி இருக்கும், தனியாகச் சொன்னால்தான் எங்கே தட்டுகிறது என்று தெரியும். தட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்த நாமங்களைத் தனித்தனியாகப் பிரித்து, பொருளோடு மெதுவாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாமம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாததால்தான் தட்டுகிறது.

பொருள் பார்ப்பது

ஆயிரத்துக்கும் பொருள் சொல்லும் பழைய உரைகளில் இரண்டு முதன்மையானவை. ஒன்று, ஆதிசங்கரர் பெயரில் வழங்கும் பாஷ்யம். மற்றது, ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த பராசர பட்டர் எழுதிய ‘பகவத் குண தர்ப்பணம்’. பட்டர் கூரத்தாழ்வானின் மகன், ராமாநுஜரின் அன்புக்கு உரியவர். பகவானின் குணங்களைக் காட்டும் கண்ணாடி என்று தம் உரைக்கு அவர் பெயர் வைத்தது ‘கௌணானி’ என்ற பீஷ்மர் சொல்லோடு எவ்வளவு பொருந்திப்போகிறது பாருங்கள். இரண்டு உரைகளையும் தழுவிய தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கின்றன. பெயர்களைப் பிரிப்பதில் அங்கங்கே வேறுபாடு உள்ளதால் ஒரு புத்தகத்தின் வரிசை எண் இன்னொன்றில் சற்றுத் தள்ளியிருக்கும், குழம்ப வேண்டாம். நான் இங்கே தருவது சங்கரர் உரையை ஒட்டிய எண்.

இரண்டு உரைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே பெயரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். ‘ப்ராஜிஷ்ணுர் போஜனம் போக்தா ஸஹிஷ்ணு:’ என்று ஒரு வரி. ஒளிர்பவன், உணவாக இருப்பவன், உண்பவனும் தானே ஆனவன். நாலாவதாக ஸஹிஷ்ணு. சங்கரர் உரை இதற்கு, இரணியாட்சன் போன்ற பகைவரை அடக்குகிறவன் என்று பொருள் சொல்கிறது. பட்டர், நம் பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறவன் என்கிறார். எனக்குப் பட்டர் சொல்வது நெருக்கமாக இருக்கிறது. பகைவரை வெல்வது அவனுக்கு எளிது, நம்மைப் பொறுப்பதுதான் பெரிய காரியம். இருபத்தேழாவது நாமம் ‘சிவ:’. முக்குணங்களும் தீண்டாத தூய்மையால் சிவன் என்பது சங்கரர் உரை, மங்களமானவன் என்பது பட்டர் உரை. வீட்டுப் பெரியவர்கள் எந்த மரபோ அதன்படி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அறிந்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

‘ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதே, அப்படியென்றால் ஆயிரம் எப்படி?’ என்ற கேள்வி சீக்கிரமே வரும். விஷ்ணு என்ற பெயர் 2, 258, 657 ஆகிய மூன்று இடங்களில் இருக்கிறது. பத்மநாபன் மூன்று முறை, கேசவன் இருமுறை, ஸ்ரீநிவாஸன் இருமுறை. சொல் ஒன்றானாலும் பொருள் வேறு என்பது உரைகாரர்களின் விடை. விஷ்ணு என்ற பெயர் ஓரிடத்தில் எங்கும் பரவியவனைக் குறிக்கிறது, ஓரிடத்தில் அடியால் உலகை அளந்தவனை, ஓரிடத்தில் தன் ஒளியால் விண்ணையும் மண்ணையும் நிறைத்தவனை.

கற்றுக்கொண்டே போகும்போது ஒரே சாயல் உள்ள பெயர்கள் கொத்தாக வரும் இடங்கள் உண்டு. ‘ஸ்ரீத: ஸ்ரீச: ஸ்ரீநிவாஸ: ஸ்ரீநிதி: ஸ்ரீவிபாவன:’ என்று தொடங்கும் சுலோகத்தில் பெரும்பாலும் திருமகளோடு சேர்ந்த பெயர்கள். இது போன்றவற்றை வரிசைக்குக் காத்திராமல் முன்னாலேயே கற்றுக்கொள்ளுங்கள். மனதுக்குத் தெம்பாக இருக்கும்.

ஒரு சிறிய நோட்டு போடுங்கள். தினம் கற்ற சுலோகத்திலிருந்து மனதில் தைத்த ஒரே ஒரு நாமத்தையும் அதன் பொருளையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். அன்று முழுக்க பஸ்ஸில், சமையலறையில், வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

நேரம், இடம், நியமம்

குளித்துவிட்டு, விளக்கேற்றி, கிழக்கோ வடக்கோ பார்த்து உட்கார்ந்து சொல்வது வழக்கம். துளசி இருந்தால் நல்லது. கற்கண்டோ இரண்டு திராட்சையோ நைவேத்தியத்துக்குப் போதும். காலை வசதிப்படாதவர்கள் மாலை விளக்கு வைத்த பிறகு சொல்லலாம். உட்கார முடியாதவர்கள் நாற்காலியில் சொல்லலாம். தீட்டு முதலியவற்றில் அவரவர் குடும்ப வழக்கப்படி நடந்துகொள்ளுங்கள்.

யார் சொல்லலாம் என்பதற்குப் பலச்ருதியிலேயே, அதாவது சொல்வதால் வரும் பயனைக் கூறும் முடிவுப் பகுதியிலேயே, விடை இருக்கிறது. நால்வகை வருணத்தாரையும் பெயர் சொல்லி, ஒவ்வொருவருக்கும் இன்ன பயன் என்கிறது. ‘ய இதம் ச்ருணுயாத் நித்யம் யச்சாபி பரிகீர்த்தயேத்’ என்று, தினம் கேட்பவரையும் சொல்பவரையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே இன்னும் சொல்ல வராதவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் பாராயணத்தில் சேர்த்திதான். இன்று பல ஊர்களில் இதைத் தாங்கி நடத்துவதே மகளிர் குழுக்கள்தான்.

முழுப் பாராயணத்தின் வரிசை

நாமங்கள் ஓரளவு வந்த பிறகு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேருங்கள். முதலில் பூர்வபாகம்: ‘சுக்லாம்பரதரம்’ தொடங்கி வியாசருக்கு வணக்கம், ‘யஸ்ய ஸ்மரணமாத்ரேண’, யுதிஷ்டிரரின் கேள்விகள், பீஷ்மரின் முன்னுரை. வைணவ இல்லங்களில் ‘யஸ்ய த்விரதவக்த்ராத்யா:’ என்று சேனைமுதலியார் (விஷ்வக்சேனர்) வணக்கமும் உண்டு. அடுத்து ரிஷி, சந்தம், தேவதை சொல்லும் நியாசப் பகுதி. ரிஷி வேதவியாசர், சந்தம் அனுஷ்டுப். பிறகு தியான சுலோகங்கள்: ‘க்ஷீரோதந்வத்ப்ரதேசே’, ‘பூ: பாதௌ’, ‘சாந்தாகாரம்’ முதலியவை. இங்கே அவசரப்படாதீர்கள். பாற்கடல், அதன் கரை, முத்தாசனம் என்று கண்முன் ஒரு உருவத்தை நிறுத்திக்கொள்ளத்தான் இந்தச் சுலோகங்கள்.

பிறகு நாமங்கள். ஆயிரமாவது ‘ஸர்வப்ரஹரணாயுத:’ வந்ததும் ‘வனமாலீ கதீ சார்ங்கீ சங்கீ சக்ரீ ச நந்தகீ’ என்ற காப்புச் சுலோகம். கதை, வில், சங்கு, சக்கரம், வாள் ஐந்தும் ஏந்திய நாராயணன் காக்கட்டும் என்பது பொருள். பல இடங்களில் இதை மூன்று முறை சொல்வார்கள். அதன்பின் பலச்ருதி, கடைசியாகப் பிழை பொறுக்கக் கேட்கும் சுலோகம். எல்லாம் சேர்ந்து நிதானமாகச் சொன்னால் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும்.

அவ்வளவு நேரம் இல்லாத நாளுக்கும் வழி இருக்கிறது. பலச்ருதியை ஒட்டி, இந்த ஆயிரத்தையும் எளிதாகச் சொல்ல என்ன வழி என்று பார்வதி கேட்பதும், ‘ஸ்ரீராம ராம ராமேதி’ என்று சிவபெருமான் விடை சொல்வதும் வரும். எழுத்துக் கணக்கில் ர இரண்டு, ம ஐந்து. பெருக்கினால் ஒரு ராம பத்து. மூன்று ராம என்றால் பத்தைப் பத்தாலும் மறுபடி பத்தாலும் பெருக்கி ஆயிரம் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். பரீட்சை நாளிலும் பயண நாளிலும் உடம்பு முடியாத நாளிலும் இதை மூன்று முறை சொல்லுங்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், சேர்த்துவைத்து ஈடுகட்ட வேண்டியதில்லை.

அர்ச்சனைக்கு வேறு வடிவம்

புத்தகத்தின் பின்பகுதியில் ‘ஓம் விச்வஸ்மை நம:, ஓம் விஷ்ணவே நம:, ஓம் வஷட்காராய நம:’ என்று தனித்தனியாக இருக்கும். இதுதான் நாமாவளி. துளசியோ பூவோ இட்டு அர்ச்சனை செய்ய இந்த வடிவம். சுலோகத்தில் ‘விஷ்ணு:’ என்று எழுவாயாக நிற்பது இங்கே ‘விஷ்ணுவுக்கு வணக்கம்’ என்று நாலாம் வேற்றுமையாக மாறியிருக்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய உதவி உண்டு: நாமங்கள் பிரிந்து நிற்பதால் எது எங்கே முடிகிறது என்பது பளிச்சென்று தெரியும். சுலோகத்தில் குழப்பம் வந்தால் உடனே நாமாவளியைப் புரட்டிப் பாருங்கள். ஆனால் இரண்டையும் கலந்து, சுலோகத்தில் உள்ளபடியே ‘நம:’ மட்டும் ஒட்டிச் சொல்லாதீர்கள்.

கோஷ்டியில் சேர்வது

பெருமாள் கோயில்களில் ஏகாதசியன்றும் சனிக்கிழமைகளிலும் கூட்டுப் பாராயணம் நடக்கும் இடங்கள் பல. வைணவர்கள் ‘ஸஹஸ்ரநாமம் சேவிக்கிறோம்’ என்பார்கள், மற்றவர்கள் ‘பாராயணம் பண்ணுகிறோம்’ என்பார்கள், போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். புத்தகத்தோடு போங்கள். முதல் சில தடவை கணீரென்று சொல்லும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் வரியைத் தொடர்ந்தபடி தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். வரி தவறிவிட்டால் தேடிக்கொண்டே இருக்காமல் அடுத்த சுலோகத்தின் முதல் சொல்லில் ஏறிக்கொள்ளுங்கள். உங்கள் வேகத்தைவிடக் கோஷ்டியின் வேகம் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த வேகத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். வீட்டில் பழைய நிதானத்திலேயே சொல்லுங்கள்.

முடிந்ததும் உடனே எழுந்துவிடாமல், உச்சரிப்பில் சந்தேகம் உள்ள இரண்டு மூன்று நாமங்களை அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். ‘மாமி, இந்த வரி எனக்கு உடையுது, ஒரு தடவை சொல்லுங்கோ’ என்று கேட்டால் மறுப்பவர் யாரும் இல்லை; மூன்று தடவை சொல்லித் தருவார்கள். தை அல்லது மாசியில் வரும் மாக மாத வளர்பிறை ஏகாதசியை பீஷ்ம ஏகாதசி என்று கொண்டாடுவது வழக்கம், சஹஸ்ரநாமம் பிறந்த நாளாக அன்று பல கோயில்களில் முழுப் பாராயணம் நடக்கும். ஆடி ஆவணியில் தொடங்குகிறவர்கள் அந்த நாளை இலக்காக வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு வாரம் போக, பூர்வபாகத்துக்கும் பலச்ருதிக்கும் சில வாரங்கள் மிச்சம் இருக்கும்.